கைப்பிடி உப்பில் சாக்கடல் வராது

"சாக்கடல் உப்பு தோலுக்கு நல்லதா?" என்று வாடிக்கையாளர் கேட்டால், அழகு நிலையத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "ஆமாம் மேடம், ரொம்ப நல்லது" என்பதுதான். அதே கேள்வி தோல் மருத்துவரிடம் போனால், "அதெல்லாம் விளம்பரம்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். இரண்டுமே அவசரப் பதில்கள். ஊர், உப்பு, மண் என்று மூன்று தனித்தனிச் சங்கதிகளை ஒரே டப்பாவில் அடைத்து விற்பதால் வந்த குழப்பம் இது. மூன்றுக்கும் ஆதாரம் ஒரே அளவில் இல்லை.

முதலில் ஊர். இஸ்ரேல், ஜோர்தான், மேற்குக் கரை ஆகியவற்றுக்கு நடுவே கிடக்கும் சாக்கடலின் நீர்மட்டம், கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அந்தப் பள்ளத்தை எட்டும் வெயில் கூடுதலான காற்றைக் கடந்து வருவதால், தோலைச் சுடும் யுவி-பி கதிர்களில் ஒரு பகுதி வழியிலேயே வடிகட்டப்படுகிறது. நோயாளியால் வெயிலில் அதிக நேரம் படுத்திருக்க முடிகிறது. ஜெர்மனி, டென்மார்க் போன்ற நாடுகளின் சொரியாசிஸ் நோயாளிகள் பல பத்தாண்டுகளாக எய்ன் பொகெக் போன்ற கரையோர ஊர்களுக்குப் போய்வருகிறார்கள். சுமார் நான்கு வாரம் தங்குவார்கள். தினமும் நீரில் மிதப்பார்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த நேரம் வெயில் காய்வார்கள். பலருக்குப் படை நன்றாகவே மறைகிறது. சில மாதங்களில் திரும்பியும் வருகிறது. அலுவலகத்தையும் வீட்டுக் கவலையையும் மறந்து ஒரு மாதம் ஓய்ந்திருப்பதற்கும் இதில் பங்கு இருக்கலாம். இவற்றில் எதையும் பார்சலில் வரவழைக்க முடியாது.

உப்பை வரவழைக்கலாம். சாதாரணக் கடலுப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு. சாக்கடலிலோ மெக்னீசியம் குளோரைடுதான் முன்னிற்கிறது. கூடவே கால்சியம், பொட்டாசியம், புரோமைடு. நீரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்பு. இந்துப்பை இதற்கு மாற்றாகச் சொல்லி விற்பவர்கள் உண்டு. அது எந்த நிறத்தில் மின்னினாலும் அநேகமாக முழுக்கச் சோடியம் குளோரைடுதான். மெக்னீசியம் மிகுந்த உப்பு நாவில் கசக்கும், ஈரக்காற்றில் கசியும். ஐப்பசி மழையில் திறந்து கிடந்தும் பொலபொலவென்று உதிரும் "சாக்கடல் உப்பை" சந்தேகப்படுவதில் தவறில்லை.

இந்த உப்பைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஜெர்மனியின் கீல் நகரிலிருந்து வந்தது. எர்ஹார்ட் புரோக்ஷ் குழு 2005இல் வெளியிட்டது. அடோபி வகை வறண்ட தோல் உள்ளவர்கள் ஒரு முன்கையை 5 விழுக்காடு சாக்கடல் உப்புக் கரைசலிலும், மற்றொரு முன்கையைக் குழாய் நீரிலும் 15 நிமிடம் அமிழ்த்தி வைத்தார்கள். உப்புநீர்க் கையில் தோலின் தடுப்புத் திறன் மேம்பட்டது, ஈரப்பதம் கூடியது, சிவப்பும் சொரசொரப்பும் தணிந்தன. மெக்னீசியம்தான் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஒரே ஆளின் இரு கைகளையும் ஒப்பிட்டதால் வயது, சோப்பு, சாப்பாடு என்று சாக்குச் சொல்ல இடமில்லை.

விற்பனைத் தாள்கள் இந்த ஆய்வைச் சொல்கின்றன, அளவைச் சொல்வதில்லை. 5 விழுக்காடு என்றால் லிட்டருக்கு 50 கிராம். 150 லிட்டர் பிடிக்கும் குளியல் தொட்டிக்கு ஏழரைக் கிலோ. தொட்டி இல்லாத வீட்டில் 20 லிட்டர் வாளிக்கு ஒரு கிலோ. வாளியில் ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 50 கிராம் போட்டால், ஆய்வில் இருந்த செறிவில் இருபதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதையும் செம்பில் மொண்டு ஊற்றி இரண்டு நிமிடத்தில் துவட்டிக்கொண்டால், உப்புக்குத் தோலோடு பேச நேரமே இல்லை. நம் குளியலறைகளுக்குப் பொருந்துவது கை, கால்களை மட்டும் அமிழ்த்தும் முறை: ஐந்து லிட்டர் பேசின், 250 கிராம் உப்பு, வெதுவெதுப்பான நீர், கால் மணி நேரம், பிறகு ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர். வெடிப்பும் புண்ணும் இருந்தால் எரியும்; அங்கே வேண்டாம்.

சொரியாசிஸுக்கு உப்புநீர்க் குளியலுடன் செயற்கை யுவி-பி ஒளியும் தரும் முறையை, எட்டு ஆய்வுகளைத் திரட்டி 2020இல் காக்ரேன் மதிப்பாய்வு ஆராய்ந்தது. வெறும் ஒளியைவிடப் பலன் கூடுதலாக இருக்கலாம், ஆனால் ஆதாரத்தின் உறுதி குறைவு என்றது. அங்கும் உப்பு தனியாக நிற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மண்ணுக்கு வந்தால் ஆதாரம் இன்னும் மெலிகிறது. சாக்கடல் மண்ணின் கருமைக்கு இரும்பு சல்பைடு காரணம். காற்றுப் பட்டுக் காய்ந்தால் சாம்பல் நிறமாகும். மிக நுண்ணிய களித்துகள்களும் அவற்றுக்கிடையே தங்கிய உப்புநீரும் சேர்ந்தது அது. சூட்டைப் பிடித்து வைக்கும், எண்ணெய்ப் பசையை உறிஞ்சும், மேல்தோலின் செத்த அடுக்கைத் தளர்த்தும். எண்ணெய் வழியும் முகத்துக்கு இவ்வளவும் போதும் என்றால், முல்தானி மிட்டியே அதில் பெரும்பாலானதைச் செய்துவிடும். சாக்கடல் மண்ணில் விடப்பட்ட நுண்ணுயிரிகள் மடிந்ததாக ஆய்வகச் சோதனை உண்டு. அதை வைத்து முகப்பரு தீரும் என்று எழுதுவது தாவல். மண்ணை மருந்தாக்க முனைந்தவர்கள் எவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்பதற்கு இத்தாலியின் அபானோ தெர்மே சான்று. அங்கே களிமண்ணை வெந்நீர் ஊற்று நீரில் நெடுநாள் ஊறப் போட்டு, அதில் சயனோபாக்டீரியா வளரவிட்டுப் பிறகே பூசுகிறார்கள். அந்த உயிரிகள் தரும் கொழுப்புப் பொருள்களில் அழற்சியைத் தணிக்கும் குணம் கண்டறியப்பட்டிருக்கிறது.

கவரிங் நகை போட்டால் அரிப்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. இயற்கை மண்ணில் நிக்கல் போன்ற உலோகங்கள் இருக்கும். முழங்கை மடிப்பில் பூசிப் பார்க்காமல் முகத்துக்குப் போகக் கூடாது. பூசிய மண் இறுகி வெடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கமும் வறண்ட தோலுக்கு ஆகாது. அழகு நிலைய வாசலில் "சொரியாசிஸ் குணமாகும்" என்று பலகை வைப்பவர்கள் 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனங்கள் சட்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். தூய்மைப்படுத்துவதும் அழகூட்டுவதும்தான் அழகுசாதனத்தின் வேலை. நோய் தீரும் என்று சொன்ன மறுகணம் அது மருந்து விவகாரமாகிவிடும்.

சாக்கடலும் பழைய சாக்கடல் இல்லை. ஜோர்தான் ஆற்று நீர் மேலேயே திருப்பப்படுகிறது. இரு கரைகளிலும் பொட்டாஷ் ஆலைகள் நீரை ஆவியாக்குகின்றன. மட்டம் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் இறங்க, கரை குழிகுழியாக உள்வாங்குகிறது. எய்ன் பொகெக் விடுதிகளின் முன்னே பளபளப்பது இயற்கை ஏரிகூட அல்ல, ஆலைக்கான ஆவியாக்கும் குளம்.

மெக்னீசியம் உப்புக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரிய பின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு செறிந்திருக்கிறது. அதைத் தூய்மைப்படுத்தி, உலோக அளவுகளைப் பரிசோதித்து, நெறிமுறைக் குழு அனுமதியுடன் கீல் பாணியில் இரு கைகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மருத்துவக் கல்லூரித் தோல் துறையால் முடியும். அப்படியொரு ஆய்வு வந்தால், குழாய் நீரே வென்றிருந்தாலும், இந்த இதழ் அதை முழுமையாக வெளியிடும்.