திகதி பிழைத்தால் நாணயம் போகும்

சகோதர வியாபாரிகளே, தோட்டத்து மக்களை நம்பி நடக்கும் எனது ஹட்டன் கடையில் 2023இல் நேர்ந்தது இது. மொத்த வியாபாரிக்கு ஏப்ரல் 5ஆம் திகதியிட்டுக் காசோலை கொடுத்தேன். இலவசமாகப் பாவிக்கும் திறந்த மூல மென்பொருளில் 05/04 எனப் பதிந்தேன். அதுவோ அமெரிக்க முறைப்படி மே 4 என எடுத்துக்கொண்டது. வங்கியில் பணமில்லை, காசோலை திரும்பியது. பணத்தைக் கட்டிவிட்டேன், போன நாணயம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 நியமப்படி வருடம், மாதம், நாள் என எழுதுங்கள்: 2023-04-05. குழப்பமில்லை, பதிவுகளும் தானே வரிசையாகும். திகதி, பெயர், தொகை ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் வையுங்கள்; தகராறு வந்தால் உடனே தேடி எடுக்கலாம்.

மென்பொருளில் குறை கண்டால் ஆக்கியோருக்கு எழுதுங்கள். அடுத்த வெளியீட்டில் திருத்த வழியுண்டு. 2004 சுனாமிக்குப் பின் நம் நாட்டுத் தொண்டர்கள் ஆக்கிய திறந்த மூல மென்பொருளான சஹானா, பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் உதவியது. இலவசமாகப் பெறும் நாம் ஒரு கடிதமாவது எழுதக் கூடாதா?