பூட்டு திண்டுக்கல்லில், திறவுகோல் தில்லியில்!

தமிழ்நாட்டைச் சிங்கப்பூர் ஆக்கிக் காட்டுவோம் என்று மேடைதோறும் முழங்குவார் பலர். அத் தீவின் வானளாவிய மாடங்களைக் காட்டி, 'ஆங்கிலத்தாலும் அயலார் முதலாலும் உயர்ந்த ஊர் அது. தமிழரும் தமிழைச் சற்றே ஒதுக்கி வைத்தால் உயரலாம்' என்று ஓதுவாரும் உளர். இவ்விரு சாராரும் மறைக்கும் உண்மை ஒன்றே. சிங்கப்பூரை உயர்த்தியது ஆங்கிலமன்று, அயலார் முதலுமன்று, தன் வாயிலைத் தானே திறக்கவும் தானே அடைக்கவும் உரிமை பெற்ற ஓர் அரசு!

ஆங்கிலமே உயர்த்துமெனில் திண்டுக்கல் என்றோ உயர்ந்திருத்தல் வேண்டும். கிழக்கிந்தியக் கும்பெனி திப்புவிடமிருந்து திண்டுக்கல்லைப் பறித்தது 1792இல்; சிங்கப்பூரில் அது காலூன்றியது 1819இல். மலைக்கோட்டையில் வெள்ளையன் கொடி ஏறி இருபத்தேழு ஆண்டுகள் சென்ற பின்னரே அத் தீவில் ஏறிற்று. அதே கும்பெனி, அதே மொழி. அவ்வாறிருக்க, ஓர் ஊர் உலக வணிகத்தின் நடுவாயிலாகவும், மற்றோர் ஊர் கடைவாயிலில் காத்துநிற்கும் ஊராகவும் ஆனது எதனால்?

1965ஆம் ஆண்டு மலேசியாவினின்று பிரிந்தபோது சிங்கப்பூரிடம் இருந்தது என்ன? நிலப்பரப்போ, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குமில்லை. குடிநீரும் சோகூரிலிருந்து குழாய்வழி வரவேண்டும். 1968இல் பிரித்தானியர் தம் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தனர். நாட்டு வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத் தளங்களைச் சார்ந்திருந்தது.

அவ்வரசு கைகட்டி நிற்கவில்லை. 1961இலேயே பொருளியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியிருந்தது. சதுப்பாய்க் கிடந்த சூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கியது. 1966இல் நிலமெடுப்புச் சட்டம் இயற்றியது. பிரித்தானியர் விட்டுச்சென்ற படைக்கப்பல் துறையை வணிகக் கப்பல் செப்பனிடும் தளமாக மாற்றியது. 1968இல் அயலார் வைப்புப் பணத்தின் வட்டிக்கு வரியை நீக்கி, ஆசிய டாலர்ச் சந்தையைத் தன் மண்ணுக்கு ஈர்த்தது. 1972இல் தஞ்சோங்கு பகாரில் பெட்டகக் கப்பல் துறையைத் திறந்தது. அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான அமைச்சர் இராசரத்தினம், சிங்கப்பூர் இனி 'உலக நகர்' என்றும், உலகம் முழுவதுமே அதற்குப் பின்னிலம் என்றும் கொள்கை வகுத்துரைத்தார்.

நிலம், வரி, துறைமுகம், நாணயம், அயல்வணிகம் என்னும் ஐந்தும் ஓர் அரசின் கையில் இருந்தமையாலன்றோ அச் சொல் செயலாயிற்று!

அவ்வரசு குறையற்றதன்று. தொழிற்சங்கங்களின் கைகளைக் கட்டியது, செய்தித்தாள்களை அடக்கியது, ஆங்கிலத்தை மேலேற்றியதால் அங்குள்ள தமிழர் வீடுகளிலேயே தமிழ் தேய்கிறது. ஆயினும் அங்குத் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. காசிலும் சிங்கப்பூர் என்று தமிழில் பொறித்திருக்கிறது. தமிழர் கோடிக்கணக்கில் வாழும் இந்திய ஒன்றியத்திலோ, நடுவணரசின் ஆட்சிமொழியாகத் தமிழுக்கு இடமில்லை!

இனித் திண்டுக்கல்லைப் பாருங்கள். இரும்பையும் பித்தளையையும் கையாலேயே அராவி, நெம்புகளைக் கோத்துப் பூட்டுச் செய்யும் கம்மியர் வாழும் ஊர் அது. 2019இல் அப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்தது, வாங்குவார் வந்தாரா? அலிகாரின் பொறிப்பூட்டும் சீனப் பூட்டும் சந்தையை நிரப்ப, மைந்தருக்குத் தொழிலைக் கற்பிக்கத் தந்தையரே தயங்குகின்றனர். சீனப் பூட்டுக்கு எவ்வளவு சுங்கம் என்று முடிவு செய்வது தில்லி!

திண்டுக்கல் சந்தையில் குவியும் சின்ன வெங்காயம், சிங்கப்பூர்த் தமிழரின் குழம்பிலும் மணப்பது. வடபுல நகர்களில் பெரிய வெங்காயத்தின் விலை ஏறியதென்று 2019, 2020, 2023 ஆகிய மூன்றாண்டுகளிலும் நடுவணரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. நாசிக்கின் வெங்காயத்துக்குப் போட்ட பூட்டு, திண்டுக்கல் உழவனின் வாயிலிலும் விழுந்தது. வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளின் நிலையும் இதுவே. இறக்குமதிப் பஞ்சுக்கு 2021இல் வரி விதித்ததும், 2022இல் சில திங்கள் நீக்கிப் பின் மீண்டும் விதித்ததும், 2025இல் மறுபடியும் சில திங்கள் நீக்கியதும் தில்லியே. எந்த விலைக்கு நூலை விற்பதென்று ஆலை எவ்வாறு உறுதி செய்யும்?

இது தற்செயலன்று, சட்டம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை, முதற்பட்டியலில், பெருந்துறைமுகம் 27ஆம் இனம், நாணயமும் அயற்செலாவணியும் 36, அயல்நாட்டு வணிகம் 41, சுங்கம் 83. நான்கும் நடுவணரசுக்கே! திண்டுக்கல்லின் சரக்கு கடலேறும் தூத்துக்குடி, 1974 முதல் பெருந்துறைமுகம். ஆதலின் அதுவும் தமிழ்நாட்டரசின் கையில் இல்லை. அங்கிருந்து செல்லும் பெட்டகங்கள் பலவும் கொழும்பில் கப்பல் மாறிச் செல்கின்றன.

விற்பனை வரி ஒன்று மாநிலத்திடம் இருந்தது. 2017இல் சரக்கு, பணி வரி வந்து அதன் பெரும்பகுதியையும் கொண்டுபோயிற்று. எஞ்சியது என்ன? முதலீட்டாளர் மாநாடு கூட்டி, அயல்நாட்டார்முன் கைகூப்பி நிற்கும் உரிமை! சரக்கை விடுக்கும் உரிமையற்ற நாடு ஆளை விடுக்கிறது. தமிழிளைஞர் கடன்பட்டுத் தரகனுக்குக் கொடுத்துச் சிங்கப்பூர் சென்று, கொட்டகையில் உறங்கி, அவ்வூர் மாடங்களைக் கட்டுகின்றனர். சிங்கப்பூரை எழுப்பத் தெரிந்த கைகளுக்குத் தமிழ்நாட்டை எழுப்பத் தெரியாதா?

1969இல் இராசமன்னார் குழு அமைந்தது. 1971இல் அறிக்கை தந்தது. 1974இல் சட்டமன்றம் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. தில்லி அசையவில்லை. 2025இல் மீண்டும் ஒரு குழு! குழுக்கள் பெருகின, உரிமை பெருகவில்லை.

இனிச் சிங்கப்பூர் ஆக்குவோம் என்று வாக்குக் கேட்டு வருவாரிடம் தமிழர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'துறைமுகமும் சுங்கமும் அயல்வணிகமும் தமிழ்நாட்டின் கைக்கு வர நீவிர் செய்யப்போவது என்ன?' விடையற்றவர்க்கு வாக்கும் இல்லை என்று தமிழர் சொல்லும் நாளே விடிவின் தொடக்கம். திறவுகோலை எவரும் தாமாகத் தருவதில்லை. தமிழரே எழுந்து பெறுதல் வேண்டும்!