உலக்கைப் பாட்டு

வீட்டில் புழங்கும் பொருளின் பெயரையே தன் பெயராகக் கொண்ட பாட்டுகள் தமிழில் சில உண்டு. ஊசலில் ஆடிக்கொண்டே பாடுவது ஊசற்பாட்டு. அம்மானைக் காய்களை எறிந்து பிடித்துப் பாடுவது அம்மானை. இவை விளையாட்டில் பிறந்தவை. உழைப்பில் பிறந்தது உலக்கைப் பாட்டு. இலக்கியம் இதனை வள்ளைப் பாட்டு என வழங்கும்.

திருச்சிக்கும் தஞ்சைக்கும் இடையே இருப்புப் பாதையில் உள்ள பூதலூரை, பூண்டி மாதா திருத்தலத்திற்குச் செல்லும் நம் வாசகர் பலரும் அறிவர். சுற்றிலும் நெல் வயல்கள். ஆலைகள் வருமுன், இத்தகைய ஊர்களில் நெல்லை அரிசியாக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் தோள்மீதே இருந்தது. ஓர் உரலைச் சுற்றி இருவர் நின்று குத்துவர். ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளின் உலக்கை உயர வேண்டும். முறை சற்றே தப்பினாலும் உலக்கையோடு உலக்கை மோதும். அம்முறையைக் காத்துக் கொடுத்தது பாட்டு. குத்தி, முறத்தில் புடைத்து, உமி நீக்கி, மீண்டும் தீட்டித் தவிடு பிரித்து, நொய்யைக் கொழித்தெடுக்கும் வரையில் களைப்பை மறக்கச் செய்ததும் அதுவே.

இப்பாட்டின் பழமை பெரிது. கலித்தொகையில் குறிஞ்சி நிலத்து மகளிர், யானைத் தந்தத்தை உலக்கையாகவும் சேம்பின் இலையை முறமாகவும் கொண்டு மூங்கில் நெல்லைக் குத்துகின்றனர். ஒருத்தி தலைவனைப் பழித்துப் பாட, மற்றவள் புகழ்ந்து பாடுகிறாள். நேரில் சொல்லக் கூசும் மனக்குறையையும் பாட்டில் வைத்துச் சொல்லிவிட முடிந்தது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் புகார் மகளிர் கரும்பை உலக்கையாகக் கொண்டு முத்துக் குற்றுகின்றனர். மதுரையில் அது பவழ உலக்கையாகிறது. மணிவாசகரின் திருப்பொற்சுண்ணமும் இடிக்கும் மகளிர் பாடும் பாட்டாகவே அமைந்தது.

ஏட்டில் இருந்த கலித்தொகை 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும் அச்சேறின. தந்த உலக்கையும் கரும்பு உலக்கையும் பிழைத்துக்கொண்டன. ஆனால் பூண் கட்டிய மர உலக்கையைப் பிடித்து, தன் வீட்டு உலைக்காகவும் பிறர் வீட்டுக் கூலிக்காகவும் குத்திய பெண் பாடியது பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அம்மானைக்கு அக்குறை இல்லை. விளையாட்டு அருகிய பின்னும் அதன் பாட்டு வடிவம் நூல்களில் நிலைத்தது; வீரமாமுனிவர் இயற்றிய கித்தேரியம்மாள் அம்மானையே அதற்குச் சான்று.

தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகள் 1934இல் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். தவிட்டின் சத்தும் ஏழைகளின் வேலையும் ஒருங்கே காக்கப்படும் எனக் கைக்குத்தல் அரிசிக்காக அவர் வாதாடினார். எனினும் ஆலையே வென்றது. அதற்காக நாம் வருந்தி அழ வேண்டுவதில்லை. கை காய்த்துத் தோள் வலித்த அப்பெண்களிடம் கேட்டால், மீண்டும் குத்தப் போகிறோம் என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். பாரம் இறங்கியது நன்றே. பாரத்தோடு பாட்டையும் இறக்கி வைத்துவிட்டோமே, அதுதான் இழப்பு.

உலக்கை பிடித்த கைகள் இன்னும் சில இல்லங்களில் உள்ளன. இம்மாதம் ஒரு நாள் மாலை, குடும்ப செபம் முடிந்த பின், பிள்ளைகள் தம் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ அமர்ந்து, “நெல்லுக் குத்தும்போது என்ன பாடினீர்கள்?” என்று கேட்கட்டும். முதலில் நினைவில்லை என்பார். உலக்கையைக் கையில் கொடுத்தால் ஒருவேளை அடிகள் தாமே வரும். மெட்டைக் கைப்பேசியில் பதியலாம். சொற்களைக் குறிப்பேட்டில் எழுதலாம். அவர் சொன்னபடியே எழுதுக. இலக்கணம் பார்த்துத் திருத்தற்க. யாரிடம் கற்றார், எவருடன் நின்று குத்தினார் என்பதையும் சேர்த்துக் குறிக்க.

புலவர் பாடியவற்றைப் பாதுகாக்க அறிஞர் பலர் இருந்தனர். நம் பாட்டிமார் பாடியவற்றைப் பாதுகாக்க நம்மையன்றி வேறு யார் உளர்?