ஏக்கருக்குக் காட்டும் கருணை

அமெரிக்க விவசாயியை அவங்க அரசாங்கம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது என்று ஆளாளுக்குச் சொல்றாங்க. எந்த விவசாயியை?

2018இல் டிரம்ப் சீனப் பொருட்களுக்கு வரி போட்டார். சீனா பதிலுக்கு அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீதம் போட்டுவிட்டு பிரேசில் பக்கம் திரும்பிக்கொண்டது. அயோவாவில் விளைந்தது கிடங்கில் தேங்கியது. வாஷிங்டன் இரண்டு வருடத்துக்கு 2,800 கோடி டாலர் வரை நிவாரணம் அறிவித்தது. சரி, எதை வைத்து அளந்தார்கள்? முதல் வருடம் விளைச்சல், அடுத்த வருடம் விதைத்த ஏக்கர். நிலம் அதிகம் என்றால் பணமும் அதிகம். யாருக்குக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

உச்சவரம்பு இருக்கே என்பீர்கள். இருக்கு, தலைக்கு இவ்வளவு என்று. அதே வருடம் வந்த விவசாயச் சட்டம் என்ன செய்தது தெரியுமா? பண்ணை மானியத்துக்கான 'குடும்ப' வரையறைக்குள் அண்ணன் தம்பி பிள்ளைகளையும், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. இவர்கள் ஏர் பிடிக்கக்கூட வேண்டாம், நிர்வாகத்தில் பங்கு என்று காட்டினால் போதும். தலை கூடக்கூட வரம்பும் கூடும்.

அந்தப் பணத்தோடு பெரிய பண்ணைக்காரர் நில ஏலத்துக்கு வருகிறார். பக்கத்தில் குத்தகைக்கு உழுகிற இளைஞனால் அந்த விலைக்குக் கேட்க முடியாது. அடுத்த வருடம் அவனுடைய குத்தகையும் ஏறும்.