கழித்துப் போட முடியாத சரக்கு

சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் சொத்தையைப் பொறுக்கி ஒதுக்கிவிடலாம். மின்சாரத்தை அப்படி ஒதுக்க முடியாது. உற்பத்தியாகும் நொடியிலேயே அது கம்பியேறிப் போய்விடுகிறது. நல்லதைத் தனியே, மட்டத்தைத் தனியே பிரிக்க அங்கே நேரமே இல்லை. நெய்வேலிச் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஷிஃப்டு போகிறவர்கள் நிறைந்த கம்மாபுரம் வட்டாரத்தில் நின்று பார்த்தால், தர மேலாண்மை நூறாண்டுகளாகச் சொல்ல முயல்வது எளிதில் பிடிபடும்: தரத்தைக் கடைசியில் சோதித்துப் பெற முடியாது, வேலை நடக்கும்போதே அது உருவாக வேண்டும்.

சுரங்கத்திலிருந்தே தொடங்குவோம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி ஈரம். அது பூமி கொடுத்தது. யாரையும் நொந்து பயனில்லை. ஆனால் பிரம்மாண்டமான சக்கரத்தில் வாளிகள் சுழலும் அந்த எந்திரம், கரிப்படுகை முடிகிற இடத்தில் நிற்காமல் அடியிலுள்ள களிமண்ணையும் சேர்த்து அள்ளினால் விஷயம் வேறு. கரியோடு வெளிறிய மண்ணும் பெல்ட்டில் ஏறும். உலையில் சாம்பல் கூடும், வெப்பம் குறையும், குழாய்களில் படிவு சேரும். அந்தப் படிவை நீக்க, அடைப்பை எடுக்க, கடைசியில் ஒரு மனிதர் போயாக வேண்டும்.

இயல்பாகவே இருப்பது, தனிக் காரணத்தால் வருவது என்ற இந்த இரண்டு வகைக் கோளாறுகளையும் பிரித்துக் காட்டியவர் வால்ட்டர் ஷூஹார்ட். 1924 மே மாதம், அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, தன் மேலதிகாரிக்கு ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அதில் ஒரு வரைபடம்: மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நடுவில் ஏறி இறங்கும் புள்ளிகள் அந்த வேலைமுறைக்கே இயல்பானவை. அவற்றுக்காகத் தொழிலாளியைத் திட்டுவது வீண். கோட்டைத் தாண்டும் புள்ளிக்குத்தான் காரணம் தேட வேண்டும். அதுவரை ஆய்வாளர்களை நிறுத்திப் பழுதைப் பொறுக்கிக்கொண்டிருந்த தொழிற்சாலைகளுக்கு இது புதுப் பார்வை.

இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகலநோபிஸின் அழைப்பில் ஷூஹார்ட் 1947 இறுதியில் இந்தியாவுக்கே வந்தார். அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்கும் பொறியாளர்களுக்கும் இதே பாடம் நடத்தியது 1950இல்தான். விதை முதலில் நமக்குத்தான் கிடைத்தது. நாம் அதைப் பெரும்பாலும் புள்ளியியலாளர் கையிலேயே விட்டுவிட்டோம் என்பது என் ஆதங்கம். ஜப்பான் அதைத் தொழிற்கூடத்தின் தரைக்குக் கொண்டுபோனது. 1962இல் அந்நாட்டின் தர வல்லுநர் இஷிகாவா முன்னெடுத்த தர வட்டங்களில் தொழிலாளிகளே உட்கார்ந்து தங்கள் வேலையின் கோளாறுகளை அலசினார்கள். இங்கே 1980இல் ஹைதராபாத் பெல் (பாரத மிகுமின் நிறுவன) ஆலையில் அந்த வட்டம் தொடங்கியது. 1998இல் சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன், ஜப்பான் டெமிங் பெயரில் வழங்கும் தரப் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனமானது.

இடையில் 1987இல் ஐ.எஸ்.ஓ. 9000 என்னும் தர நெறி வந்தது. அதன் பயனை மறுக்கவில்லை. ஆனாலும் எழுதி வைத்தபடி வேலை நடக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. எழுதி வைத்ததில் என்ன விடுபட்டிருக்கிறது என்பதை, அந்த வேலையைச் செய்கிறவர்தான் சொல்ல முடியும். டெமிங் வகுத்த பதினான்கு அம்சங்களில் என்னை அதிகம் உலுக்குவது, அச்சத்தை விரட்டு என்பது.

நெய்வேலிக்கே திரும்புவோம். 2020 மே 7, ஜூலை 1 ஆகிய இரு நாள்களிலும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. ஜூலை விபத்தில் அன்றைக்கே ஆறு பேர் போய்விட்டார்கள். தீக்காயத்தோடு போராடி இறந்தவர்கள் இன்னும் பலர். மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கணிசம். கொதிகலன் பக்கத்தில் நிற்பவருக்குத் தரம் என்பதும் உயிர் என்பதும் ஒன்றுதான்.

நாள்தோறும் அங்கே நிற்பவருக்குச் சத்தம் மாறினால் தெரியும், வாடை மாறினால் தெரியும். நாளைக்கு வேலை இருக்குமோ என்று பயப்படுகிற காண்ட்ராக்ட் தொழிலாளி அதை வாய்விட்டுச் சொல்வாரா? வெப்பமும் அழுத்தமும் பதிவாகும் ஷிஃப்டு ஏட்டில் அவர் சொன்னதும் அவர் பெயரோடு ஏற வேண்டும். அடுத்த ஷிஃப்டு தொடங்குமுன் அதற்கு ஒரு பொறியாளர் பதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.