அறுபது கிலோமீற்றர் என்ற பேய்க்காட்டல்

"மச்சான், எவ்வளவு ஸ்பீட் ஓடும்?"

மலிவாக ஒரு நாலு சில்லு இழுவை ரிமோட் பகி வாங்கப்போகிறேன் என்று யாராவது வாய் திறந்தால், கூட இருக்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். விற்கிறவருக்கும் இந்தக் கேள்விதான் விருப்பம், ஏனென்றால் பதில் சொல்வது லேசு. பெட்டியில் ஓர் எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தால் அலுவல் முடிஞ்சுது. "இது உடைஞ்சால் பாகம் எங்க எடுக்கிறது?" என்று கேட்டால்தான் அவருக்குக் கஷ்டம். அந்தக் கேள்வியைக் கேட்க எங்களை ஒருவரும் பழக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். லீவு நாளில் பொழுதுபோக்காக மண்ணிலும் கல்லிலும் ஓட்ட, குறைந்த காசில் பகி எடுக்கிற ஒருவர் வேகத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது உதிரிப்பாகம். இரண்டாவது, தானே கழற்றிப் பூட்ட முடியுமா என்பது. மூன்றாவது, ஓட்டப்போகிற நிலம். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கித்தான் யூரியூப் விமர்சனங்கள் எங்களுக்குச் சாமான் விற்கின்றன.

முதலில் அந்த அறுபதை எடுப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர். நூறு மீற்றர் நீளமான விளையாட்டுத் திடலை பகி ஆறு நொடியில் கடந்துவிடும். பதினான்கில் ஒரு பங்கு அளவுள்ள பகி ஓரடி நீளந்தான். அது அறுபது எழுபது மீற்றர் தள்ளிப் போனபிறகு முகம் எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்றே கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் இடப்பக்கம் திருப்புவீர்கள், அது மதகில் போய் மோதும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நாலு மடங்கு. இது சாதாரண தர விஞ்ஞானப் பாடம், கலைப்பீடத்துக்கு வந்ததும் மறந்துபோகிற அளவுக்குப் பெரிய விசயமில்லை. முப்பதில் மோதினால் கீறலோடு போகிற முன் கை, அறுபதில் இரண்டாக முறியும்.

அதோடு, அந்த எண் கிடைப்பது முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரியோடு, மட்டமான தார் வீதியில். புழுதி மண்ணில் அது ஒருநாளும் கிடைக்காது. மண்ணில் ஓட்டத்தான் பகி எடுக்கிறோம், ஆனால் தார் வீதியின் எண்ணைப் பார்த்துக் காசைக் கொடுக்கிறோம். இதைவிடப் பெரிய பகிடி என்ன இருக்கு?

அடுத்தது, "4 வீல் டிரைவ்" என்ற எழுத்து. இதை நான் எதிர்க்கவில்லை. பொருட்கள் எவ்வளவோ மலிந்த இந்தக் காலத்தில் அதைக் கேட்பது நியாயமான ஆசைதான். பின்சில்லு மட்டும் இழுக்கிற பகியைப் புழுதியில் முடுக்கினால் பின்பக்கம் வழுக்கி வட்டமடிக்கும். பழகின கைக்கு அது சுகம், புதுக் கைக்கு அது எரிச்சல். நாலு சில்லும் இழுத்தால் சக்தி நாலு இடத்தில் பிரிந்து மண்ணைப் பிடிக்கும், நேராகப் போகும். திருப்பத்தில் வெளிச்சில்லு கூடத் தூரம் ஓடவேண்டும், உள்சில்லு குறையத் தூரம். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று டிஃபரென்ஷல் இருக்கும். நடுவில் ஒரு தண்டு இரண்டையும் இணைக்கும். மலிவான நல்ல பகி ஒன்றின் உள்ளமைப்பு பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஆனால் அதே எழுத்து விளையாட்டுச் சாமான் கடையில் தொங்குகிற பெட்டியிலும் இருக்கும். அந்தக் காரின் ஸ்டியரிங்குக்கு மூன்று நிலைதான்: முழு இடம், முழு வலம், நேர். முடுக்கியும் அப்படித்தான், ஒன்றில் ஓடும், இல்லாட்டி நிற்கும். கொஞ்சமாகத் திருப்பினால் கொஞ்சமாகத் திரும்புகிற வசதி அதில் இல்லை. அதைத் திறந்து திருத்த ஒரு வழியும் கிடையாது, பாகத்துக்கு இலக்கமும் கிடையாது. உடைந்த அன்றைக்கே அது குப்பை. கடையில் பெட்டியைத் திறந்து ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சில்லும் மெதுவாகத் திரும்பினால் மேற்கொண்டு கதையுங்கள். வெடுக்கென்று ஓர் ஓரத்துக்குப் போனால் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வாங்கோ.

இனிப் பெயர் சொல்லியே கதைப்போம். மலிவு விலைப் பக்கத்தில் எல்லாரும் காட்டுவது டபிள்யூஎல் ரோய்ஸ் 144001. பதினான்கில் ஒரு பங்கு அளவு, உலோக அடித்தட்டு, 550 வகை மோட்டர், 7.4 வோல்ற் பற்றரி. ரிமோட்டும் சேர்த்து ஒரே பெட்டியில் வரும். வெளிநாட்டு இணையக்கடைகளில் நூறு டொலரை ஒட்டிய விலை. அதன் பெட்டியிலும் அந்த அறுபதுதான். நான் இதை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதை வாங்குவதற்கான உண்மையான காரணம் அறுபது இல்லை. உலகம் முழுக்க இது எக்கச்சக்கமாக விற்றிருக்கிறது. அதனால் இதன் கை, கியர், தண்டு, சில்லு எல்லாம் தனித்தனியாக, இலக்கத்தோடு, பல கடைகளில் கிடைக்கிறது. ஒரு பாகம் முறிந்தால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். விமர்சனக் காணொளியில் இதற்குப் பத்து நொடி, பறக்கவிடுவதற்குப் பத்து நிமிசம்.

மற்றப் பக்கத்தில் ஜப்பானின் தமியா. அதன் ரிரி-02பி வகைப் பகி பத்தில் ஒரு பங்கு அளவு. துண்டு துண்டாக வரும், நீங்கள்தான் பூட்ட வேண்டும். ரிமோட், வாங்கி, சேர்வோ மோட்டர், பற்றரி, சார்ஜர், மேலோட்டுக்கு வர்ணம் எல்லாம் புறம்பாகத்தான் எடுக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் பெட்டியின் விலை பெருகிப் போய்விடும். பல கிற்றுகளில் பேரிங்குக்குப் பதிலாக பிளாஸ்ரிக் வளையம்தான் தருவான்கள். அதை 11×5×4 மில்லிமீற்றர் பேரிங்காக மாற்றுவதுதான் எல்லாரும் செய்கிற முதல் வேலை. இந்த விலைக்கு பேரிங் போட்டுத் தராததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பூட்டி முடிக்கிறபோது எந்தத் திருகாணி எதைப் பிடிக்குது என்று உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும். தமியா தன் முதல் நாலு சில்லு இழுவைப் பகியான ஹொட்ஷொட்டை 1985 இல் வெளியிட்டது, 2007 இல் அதைத் திரும்பவும் வெளியிட்டது. இருபது வருசத்துக்கு மேல் பழைய ஒரு விளையாட்டுக் காருக்குத் திரும்பப் பாகம் கிடைத்தது என்றால், திருத்தக்கூடிய விதமாகச் செய்வது ஒன்றும் நடவாத காரியம் இல்லை என்றுதானே அர்த்தம்? மற்றக் கொம்பனிகள் அப்படிச் செய்யாமல் இருப்பது தெரியாமல் இல்லை. வாங்குகிற நாங்கள் கேட்பதில்லை, அதுதான்.

ஆக என் முடிவு: கையில் காசு குறைவு, உடனே ஓட்டவேண்டும் என்றால் 144001 போல அதிகம் விற்ற, பாகம் கிடைக்கிற ஒன்று. கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்க்கலாம், பூட்டுவதும் விளையாட்டின் பாதி என்றால் தமியா. இரண்டுக்கும் நடுவில் பெயர் தெரியாத, "அதைவிட வேகம், அதைவிட மலிவு" என்று வருகிற எதையும் தொடாதீர்கள்.

காசுக் கணக்கையும் பார்ப்போம். கையில் இருக்கிற முழுக் காசுக்கும் காரை மட்டும் எடுக்கிறவர், ஒரு மாதத்தில் அந்தக் காரை அலுமாரியில் வைப்பார். நூறு ரூபா இருந்தால் அறுபதைக் காருக்குக் கொடுங்கள். மிச்ச நாற்பதில் இன்னொரு பற்றரி, ஒழுங்கான சார்ஜர், முன் கை இரண்டு சோடி, பெரிய கியர் ஒன்று, நல்ல அறுகோணத் திருப்புளி ஒரு செற். பெட்டியோடு வருகிற யூஎஸ்பி சார்ஜரில் மணித்தியாலக்கணக்கில் ஏற்றி, கால் மணித்தியாலம் ஓட்டுவது பொழுதுபோக்கு இல்லை, தவம்.

பாகத்தை காரோடு சேர்த்தே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் எங்கட நாடு. 2022 இன் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. சில மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. நூறு டொலர்க் கார் இருபதாயிரத்திலிருந்து முப்பத்தைந்தாயிரமாகியது, காரில் ஒரு திருகாணிகூடக் கூடவில்லை. இறக்குமதியை எப்போது நிறுத்துவார்கள், எப்போது திறப்பார்கள் என்றும் எங்களைக் கேட்டுச் செய்வதில்லை. மூன்று டொலர்ப் பாகத்துக்காக வாரக்கணக்கில் தபாலைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட, முதல் நாளே மேசை லாச்சிக்குள் வைத்திருப்பது புத்தி.

வெளிநாட்டில் இருக்கிற மாமாவிடம் சொல்லி எடுப்பிக்கிறவர்களுக்கும் ஒரு சொல். "நல்ல வேகமான ஒண்டு கொண்டு வாங்கோ" என்று சொல்லாதீர்கள். மொடல் இலக்கத்தைச் சொல்லுங்கள், பாகப் பட்டியலையும் அனுப்புங்கள். தனியாகக் கொண்டுவருகிற லிதியம் பற்றரியை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், ஏற்றிவிடுகிற பெட்டிக்குள் வைக்கக்கூடாது. இதையும் முதலே சொல்லிவிடுங்கள்.

நிலத்தைப் பற்றி எந்த வெளிநாட்டு விமர்சனமும் எங்களுக்கு உதவாது. அவன்கள் ஓட்டுவது வெட்டிய புல்லிலும் காய்ந்த பூங்கா மண்ணிலும். வலிகாமத்துச் செம்மண் மாரியில் களியாகிச் சில்லோடு ஒட்டும், கோடையில் மாவாகி மோட்டருக்குள் போகும். காய்ந்த செம்மண் திடலும் கிறவல் ஒழுங்கையும் பகிக்கு நல்ல இடம். உயர்ந்த புல் நல்ல இடமில்லை. பகி தாழ்வானது, வயிறு தட்டும், புல் தண்டில் சுற்றிக்கொள்ளும். உங்கள் வீட்டைச் சுற்றிப் புல்தான் என்றால் பகியை விடுங்கள், பெரிய சில்லு உள்ள ட்ரக் வகையை எடுங்கள். மணற்காட்டு மணல் மேட்டில் ஓட்டினால் படம் வடிவாக வரும், விளங்குது. ஆனால் கடற்கரை மணலும் உப்பும் பேரிங்கைத் தின்னும். அந்தப் படத்துக்காக முழுக்காரையும் கழற்றித் துடைக்கிற பொறுமை இருந்தால் மட்டும் போங்கள்.

பற்றரியில் பகிடி விடக்கூடாது. லிதியம் பொலிமர் பற்றரியின் ஓர் அறை முழுச் சார்ஜில் 4.2 வோல்ற், மூன்றுக்குக் கீழே போகவிட்டால் கெட்டுப்போகும். பல நாள் ஓட்டாமல் வைப்பதென்றால் 3.8 அளவில் வைக்க வேண்டும். வீங்கின பற்றரியைத் திரும்ப ஏற்றாதீர்கள். சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கவேண்டாம், தகரக் கூரைக்குக் கீழே கோடை வெயிலில் வைக்கவும் வேண்டாம். வேகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிற விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி தேடிப்பாருங்கள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "சனம் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுது, உங்களுக்கு ரிமோட் கார் கேட்குதோ?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். கஷ்டப்பட்ட சனத்துக்கு விளையாட்டு எதுக்கு என்பது வசதியானவர்கள் எப்போதும் சொல்கிற கதை. ரியூசன் வகுப்பு எடுத்தும் கடையில் நின்றும் சேர்த்த காசில் ஒரு பிள்ளை பின்னேரத்தில் அரை மணித்தியாலம் மண்ணில் கார் ஓட்டினால் அதில் யாருக்கு என்ன நட்டம்? நட்டம் வேறு இடத்தில் இருக்கு. காசுள்ளவன் உடைந்ததை எறிந்துவிட்டு இன்னொன்று எடுப்பான். எங்களால் ஒருமுறைதான் எடுக்க முடியும். எங்களைக் குறிவைத்துத்தான் திருத்த முடியாத மலிவுச் சாமானை விற்கிறார்கள். கடைசியில் ஒரே காசை மூன்று முறை கொடுத்து, மூன்று உடைந்த பெட்டியோடு நிற்பதும் நாங்கள்தான்.

இன்னொன்றும் இருக்கு. இந்தக் காரும் திருப்புளியும் ஏன் எப்போதும் தம்பிக்கு மட்டும் வருகிறது? ஒரு டிஃபரென்ஷலைக் கழற்றிக் கிறீஸ் போட்டுப் பூட்டின பிள்ளை, நாளைக்கு வீட்டில் மின்விசிறி நின்றால் ஆரையும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். அந்த வாய்ப்பைத் தங்கச்சிக்கும் கொடுங்கள். பாவித்து எறிகிற பழக்கத்தை விடத் திருத்திப் பாவிக்கிற பழக்கம் எங்கட தலைமுறைக்குக் கூடத் தேவை, அதுக்கு ஓர் ஓரடிப் பகியும் போதும்.

அடுத்த முறை கடையில் நிற்கிறபோது நாலே நாலு கேள்வி கேளுங்கள். பாகங்களுக்கு இலக்கம் இருக்கா? முன் கையும் பெரிய கியரும் இப்பவே வாங்கலாமா? சாதாரணத் திருப்புளியால் முழுதும் கழற்றலாமா? பற்றரி வேறு இடத்திலும் எடுக்கக்கூடிய வகையா? நாலுக்கும் ஓம் என்றால் காசைக் கொடுங்கள். "அதெல்லாம் தெரியாது தம்பி, ஆனா அறுபதில பறக்கும்" என்று சொன்னால், அது பறக்கட்டும். உங்கட காசு பறக்க வேண்டாம்.