கடை போர்டைப் பார்த்ததும் கால் ஏன் திரும்புகிறது?

ஆறு மாதம் குடியைத் தொடாதவர், ஒருநாள் பழைய கடை வழியாக வருகிறார். அவ்வளவுதான், கால் தானாகத் திரும்பிவிடுகிறது! திரும்பிய பக்கமெல்லாம் மதுக்கடை போர்டு தெரியும் நம் புதுச்சேரியில், இதை வெறும் மனவுறுதிப் பிரச்னையாகப் பார்க்க முடியாது.

1990-களில் விஞ்ஞானி வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளுக்கு ஒரு சிக்னலைக் காட்டிவிட்டுப் பழச்சாறு கொடுத்தார். ஆரம்பத்தில், சாறு கிடைத்தபோது மூளையின் டோபமைன் செல்கள் துள்ளின. பழகிய பிறகோ, சிக்னலைப் பார்த்ததுமே துள்ளின!

மதுவும் மூளையின் இதே பாதையைத்தான் பிடித்துக்கொள்கிறது. கடை போர்டு, சம்பள நாள், பழைய நண்பர் என எல்லாமே சிக்னல்தான். குடிப்பதில் சுகம் குறைந்த பிறகும், 'வேணும்' என்ற தவிப்பு மட்டும் குறையாது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? திட்டுவதை விட்டுவிட்டு, வேலை முடிந்து வரும் வழியை மாற்றச் சொல்லுங்கள். சம்பள நாளில் கூடவே போங்கள். தவிப்பு அலை மாதிரி. எழும், சற்று நேரத்தில் அடங்கும். அதுவரை பேச்சுத்துணை வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டே நிறுத்த வேண்டும். கோரிமேடு ஜிப்மரின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. தேசிய இலவச உதவி எண்: 14446.